எடை பார்த்தது வீண், உருட்டிப் பார்த்ததில்தான் பலன்: ஏர் ரைஃபிள் பெல்லட் பிரித்த அனுபவம்

மூன்று வாரமாக 25 மீட்டரில் 25 மி.மீ.க்குக் கீழே இறங்காமல் அடம்பிடித்த குரூப், அதாவது அட்டையில் ஓட்டைகள் சிதறும் அகலம், போன ஞாயிற்றுக்கிழமை 16 மி.மீ.க்கு வந்துவிட்டது. அதே ரைஃபிள், அதே ஸ்கோப், அதே வகை பெல்லட். பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டை, தராசில் நிறுத்துப் பிரிப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் உருட்டிப் பிரித்தேன், அவ்வளவுதான் மாற்றம்.

ரைஃபிள் 0.177 அங்குலக் குழல், அந்தக் குழலை மடித்துப் பெல்லட் போடும் பிரேக் பேரல், ஸ்பிரிங் வகை. பெல்லட் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெயின் எடை, அதாவது 0.547 கிராம், டின்னில் தலை அளவு 4.52 மி.மீ. என்று போட்டிருக்கிறது. வேகம் அளக்கும் க்ரோனோவில் சராசரி 232 மீ/வி. கணக்குப் போட்டால் 14.7 ஜூல், லைசென்ஸ் வேண்டாத 20 ஜூல் வரம்புக்கு நன்றாகவே உள்ளே. எல்லா அளவும் பத்து ஷாட் குரூப், மையத்துக்கு மையம், ஐந்து குரூப்பின் சராசரி. ஐந்து ஷாட் குரூப்பை நம்பி முடிவெடுக்கிறவர்கள் தயவுசெய்து பத்துக்கு மாறுங்கள். ஐந்தில் அதிர்ஷ்டம்தான் பாதி வேலை செய்கிறது.

முதலில் எடை விஷயம். சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலைக்காரர்களுக்குத் தராசு விற்கிற கடைகளில் 1 மில்லிகிராம் துல்லியத்தில் சின்னத் தராசு கிடைக்கும். கொலுசுப் பட்டறைகள் இருக்கிற ஊர் என்பதால் இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்குக் கொடுப்பினை. நேரில் போய், அவர்களுடைய எடைக்கல்லையே வைத்துச் சரிபார்த்து வாங்கலாம். ஃபேன் காற்று பட்டால் கடைசி இலக்கம் ஆடும், அதனால் அதை நிறுத்திவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். மே மாதத்தில் அது லேசான காரியமில்லை. ஒரு டின் முழுக்க நிறுத்ததில் பெரும்பாலானவை 0.547 கிராமுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 8 மில்லிக்குள் வந்தன. அதிலும் 2 மில்லிக்குள் அடங்கியவற்றை மட்டும் தனியே எடுத்துச் சுட்டால் குரூப் 27இலிருந்து 25 மி.மீ. நாலு மணி நேர வேலைக்கு 2 மி.மீ. லாபம்.

ஏன் இவ்வளவு குறைவு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் தெளிவாகப் புரிகிறது. 8 மில்லி என்றால் எடையில் ஒன்றரை சதவீதம். அதே ஆற்றலில் வேகம் முக்கால் சதவீதம் மாறும். 25 மீட்டர் போவதற்குள் பெல்லட் மொத்தமே சுமார் 63 மி.மீ. இறங்குகிறது. முக்கால் சதவீத வேக மாற்றம் அதில் 1 மி.மீ. அளவுக்குத்தான் வித்தியாசம் காட்டும். எடை சரியாக இருந்தும் குரூப் விரிகிறது என்றால் கோளாறு வேகத்தில் இல்லை, பெல்லட் குழலைவிட்டு வெளியே வருகிற விதத்தில் இருக்கிறது. தலை சின்னதாக இருந்தால், குழலுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளங்கள், அதாவது ரைஃப்ளிங், அதைச் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்காது. குழலுக்குள்ளேயே லேசாகச் சாய்ந்து, வெளியே வந்ததும் தள்ளாடும்.

அப்படியானால் தலையை அளக்க வேண்டும். மைக்ரோமீட்டர் இதற்கு உதவவே உதவாது. ஈயம் மிருதுவானது, ராட்செட் இரண்டு கிளிக் போடுவதற்குள் விளிம்பு நசுங்கிவிடுகிறது. ஒரே பெல்லட்டை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு. நமக்கு வேண்டியதோ 0.01 மி.மீ. வித்தியாசம்.

அதனால்தான் உருட்டல். பெல்லட்டைப் படுக்க வைத்தால் தலை விளிம்பும், ஸ்கர்ட் எனப்படும் பின்பக்கப் பாவாடையின் விளிம்பும் மட்டுமே தரையில் படும். ஸ்கர்ட் கொஞ்சம் பெரிது, எனவே டீ டம்ளரைத் தரையில் உருட்டினால் எப்படி வளைந்து போகுமோ அப்படி, தலைப்பக்கமாக வளைந்துகொண்டே உருளும். இரண்டு விளிம்புக்கும் இடையே 5 மி.மீ., ஸ்கர்ட் 4.75, தலை 4.52 என்று வைத்தால் அந்த வளைவின் ஆரம் 103 மி.மீ. தலை 4.50 ஆனால் ஆரம் 95. மைக்ரோமீட்டரில் பிடிபடாத 0.02 மி.மீ. இங்கே 8 மி.மீ.யாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு, 80 மி.மீ. அகலம், ஒரு அடி நீளம். ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விரல் போய்விடும். நீளவாக்கில் ரசமட்டம் வைத்துத் துல்லியமாக மட்டம் பார்த்துவிட்டு, பின் ஓரத்தை மட்டும் 4 மி.மீ. உயர்த்தினேன். அதாவது கிட்டத்தட்ட 3 டிகிரி சரிவு. இதைவிடச் சரிவு கூடினால் பெல்லட் உருளாமல் வழுக்கும். முன் ஓரத்துக்குக் கீழே கிராஃப் தாள். பின் ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை அணையாக வைத்து, அதை ஒட்டிப் பெல்லட்டைப் படுக்கவைத்து, ஸ்கேலைச் சட்டென்று மேலே தூக்க வேண்டும். விரலால் விடக் கூடாது. விரல் ஒரு தள்ளு கொடுத்தாலும் விழும் இடம் 3, 4 மி.மீ. தவறும். என் முதல் 200 பெல்லட் இந்தத் தப்பில்தான் வீணாகி, மறுபடி உருட்ட வேண்டியதாயிற்று.

விழும் இடத்தை, நேர்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. விலகியது என்று குறிக்கிறேன். 4.52 தலைக்குச் சுமார் 38, 4.50க்குச் சுமார் 44 வர வேண்டும். ஒவ்வொரு பெல்லட்டையும் இரண்டு முறை உருட்டி, இரண்டும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேர்த்தேன். தடதடவென்று குதித்துக்கொண்டு உருளுவது ஸ்கர்ட் நசுங்கியது, உடனே ஒதுக்கிவிடலாம். பிசிறு, தூசி, கை எண்ணெய் எது இருந்தாலும் அளவு பொய் சொல்லும். மெல்லிய பருத்தித் துணியில் உருட்டித் துடைத்து, ஐம்பது பெல்லட்டுக்கு ஒருமுறை கண்ணாடியையும் துடைக்க வேண்டும். ஈயத் தூள் கையில் ஒட்டும், நடுவில் டீ குடிக்கப் போனால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.

500இல் நசுங்கியவை 34. மீதி 466இல் 36 முதல் 41 மி.மீ.க்குள் விழுந்தவை 287, அதற்கு மேலே 118, கீழே 61. அந்த 287இலிருந்து எடுத்துச் சுட்டதுதான் 16 மி.மீ. 41க்கு மேலே விழுந்தவற்றைத் தனியாகச் சுட்டால் 23. அவற்றைக் குழலில் வைக்கும்போதே கட்டைவிரலுக்குத் தெரிகிறது, பிடிமானமே இல்லாமல் பொதக்கென்று உள்ளே போய்விடுகின்றன. ஒன்றை மறக்கக் கூடாது. உருட்டல் காட்டுவது தலைக்கும் ஸ்கர்ட்டுக்கும் உள்ள விகிதத்தை, தலையின் அளவை மட்டும் அல்ல. ஸ்கர்ட் பெரிதாக இருந்தாலும் விலகல் கூடும். சுடும்போது அழுத்தத்தில் ஸ்கர்ட் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்வதால் அதனால் வரும் கெடுதல் குறைவு. சந்தேகமானதைக் கட்டைவிரல்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

இதற்கு முந்தைய மாதம் பிரீச், அதாவது குழலின் பின்வாயில் காற்றடைக்கும் சீல் மாற்றியதையும் சொல்லிவிடுகிறேன். பிரீச்சுக்கு மேலே டிஷ்யூ துண்டு வைத்துச் சுட்டதில் அது துள்ளியது, அதாவது கசிவு. புது ஓ-ரிங்குக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு வளையம் வெட்டிப் போட்டதும் ஷாட்டுக்கு ஷாட் வேக வித்தியாசம் 9 மீ/வியிலிருந்து 4க்கு வந்தது. குரூப் மட்டும் 29இலிருந்து 27தான். 9 மீ/வி வித்தியாசம் 25 மீட்டரில் 5 மி.மீ. ஏற்ற இறக்கம்தான் தரும் என்பதால் அது நியாயமே. க்ரோனோ எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு அங்கேயே நின்றிருந்தால் இந்த 16 வந்திருக்காது.

பெல்லட் வாங்குவதில் ஒரு மனக்குறை உண்டு. ஆன்லைனில் ஒரு கடை இரண்டு டின்னை வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியது. ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு ஸ்கர்ட் நசுங்கல், பணமும் திரும்பவில்லை. டின்னுக்குள் ஆட்டம் இருந்தால் வழியிலேயே பெல்லட் ஒன்றோடொன்று மோதிச் சாகும். அனுப்பும் முன் உள்ளே நுரைத்துண்டு வைக்கச் சொல்லிக் கேட்கிறேன், கேட்டால் சிலர் வைக்கிறார்கள். ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தொகுதியில் தயாரான, நாலு டின் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் 38 என்ற எண்ணும் மாறும், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். பிரித்ததைப் போட்டுவைக்க, வெள்ளிக் கடைகளில் திருகாணி போட்டுக் கொடுக்கும் சின்ன ஜிப் கவர் போதும். ஒரு கவரில் இருபதுக்கு மேல் வேண்டாம்.

அடுத்து ஏற்காடு. அங்கே காப்பித் தோட்டம் ஒன்றில், பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் அட்டை வைத்துச் சுட அனுமதி கிடைத்திருக்கிறது. அட்டை மட்டும்தான். பறவை, முயல் என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம், 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஏர்கன்னுக்கும் பொருந்தும். சேலம் 278 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500க்குக் கொஞ்சம் மேலே. காற்றின் அடர்த்தி 10 சதவீதம் அளவுக்குக் குறையும். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் அழுத்துவதே அந்தக் காற்றைத்தான். வேகம் குறைய வேண்டும், பிஸ்டனுக்கு மெத்தை குறைந்து உதையும் கூட வேண்டும். மறுபக்கம், பறக்கும்போது காற்றின் தடை குறையும். எது எதை எவ்வளவு ஈடுகட்டுகிறது என்று க்ரோனோவை இரண்டு இடத்திலும், முனையில் ஒன்று 25 மீட்டரில் ஒன்று என வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

287இல் 50 சுட்டாகிவிட்டது, மீதி 237. அதில் 100 ஏற்காட்டுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஆடாமல் இருக்க, ஒவ்வொரு கவருக்கும் பஞ்சு சுற்றித்தான் எடுத்துப்போகிறேன். இன்னும் உருட்டாத இரண்டாவது டின் மேசையில் காத்திருக்கிறது.