திரை இருண்டாலும் மெஷினுக்கு உயிர் இருந்தது

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாட்டுத்தீவனக் கடையின் கணக்கு முழுக்க ஒரு பழைய லேப்டாப்பில்தான், ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். போன வாரம் திரையை இயக்கும் இன்டெல்லின் கேஎம்எஸ் டிரைவரைப் போட்டேன். அன்றிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை விட்டு வெளியே வந்தால் திரை கும்மிருட்டு. அப்பா பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே அணைத்துக்கொண்டிருந்தார். கணக்குக் கோப்பு கெட்டுவிடுமோ என்று எனக்குப் பதறியது.

நேற்று ராத்திரி கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. அப்படியென்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஓடுகிறது! போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழியில் லேப்டாப்புக்குள் நுழைந்து, எந்தக் கன்சோல் (எழுத்துத் திரையைக் காட்டும் பகுதி) ஓடுகிறது என்று சொல்லும் கெர்ன்.விடிஒய் மதிப்பைப் பார்த்தேன்: ‘எஸ்சி’.

அதாவது, பழைய சிஸ்கான்ஸ் கன்சோல். கேஎம்எஸ் கைக்குப் போன திரையை மறுபடி எழுத்துத் திரையாக மாற்ற அதனால் முடியாது. புதிய விடி கன்சோலால் முடியும். 2016-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 11.0 முதல் அதுதான் இயல்பாகவே வருகிறது. ஆனால் பூட் ஆகும்போது படிக்கப்படும் லோடர்.கான்ஃப் கோப்பில், சிஸ்கான்ஸையே எடுக்கச் சொல்லி என்றைக்கோ நானே எழுதிய வரி, அத்தனை அப்கிரேடுக்குப் பிறகும் அப்படியே கிடந்தது. அழித்துவிட்டு ரீபூட் செய்தேன்.

“இப்ப வெளிய வந்து பாருங்கப்பா.”

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ‘லாகின்’ வந்து நின்றது. இன்னொன்றும் சொன்னேன்: அழுத்திப் பிடிக்காமல் பட்டனை ஒருமுறை தட்டினாலே போதும், மெஷின் முறையாக அணைந்துவிடும்.