வலப்பக்கத்து ஸ்பிரிங்

பிப்ரவரி 3, இரவு

வெடி வைத்த மாதிரி ஒரே ஒரு சத்தம். கராஜ் கதவு அப்போது மூடித்தான் இருந்தது, பிழைத்தோம். கதவுக்கு மேலே தண்டில் கோத்திருக்கும் இரண்டு முறுக்கு ஸ்பிரிங்குகளில் இடப்பக்கத்தது இரண்டு துண்டு. மோட்டார் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. ரிமோட்டுகள் எல்லாம் அலமாரிக்குள். உள்தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

வண்டி உள்ளே.

பிப்ரவரி 4

உடைந்த இடத்தில் சந்து 43 மில்லிமீட்டர். தொடாமல், ஏணியில் நின்று அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தது.

எல்லோரும் அதையே அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மற்றதை. உடைந்தது செத்த பாம்பு. வலப்பக்கத்தது முழு முறுக்கோடு அப்படியே இருக்கிறது. கதவு கீழே இருக்கும்போதுதான் அதில் முறுக்கு உச்சம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கதவு மூடிக் கிடக்கிறதே, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக் கோனில் (ஸ்பிரிங் முனையைத் தண்டோடு சேர்க்கும் உலோகக் கூம்பு) இருக்கும் செட் ஸ்க்ரூவை, அதாவது அதைத் தண்டில் இறுக்கிவைக்கும் திருகாணியை, திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு.

பிப்ரவரி 5

சிவப்புக் கயிறு. காலையிலிருந்து இதே நினைப்பு.

மோட்டாரையும் கதவையும் பிரித்துவிடும் அந்தக் கயிற்றை எப்போது இழுக்கலாம்? கதவு முழுக்க மூடித் தரையில் உட்கார்ந்திருந்தால் மட்டும். கதவு மேலே நிற்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்து, யாராவது 'கையால் இறக்கிவிடலாம்' என்று கயிற்றை இழுத்தால், அதுவரை பாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியும் விட்டுப்போகும். இந்தக் கதவு 100 கிலோ. விழ ஆரம்பித்தால் விலக நேரம் இருக்காது.

மேலே மாட்டிக்கொண்ட கதவுக்கு வழி வேறு. அடியில் யாரும் நடக்கக் கூடாது, வண்டியும் போகக் கூடாது. ரோலர்கள் ஓடும் இரண்டு பக்க டிராக்கிலும் அடி ரோலருக்கு நேர் கீழே சி-கிளாம்பை இறுக்க வேண்டும். கதவின் அடி விளிம்புக்குத் தரையிலிருந்து மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவது.

நம்முடையது மூடித்தான் இருக்கிறது. இருந்தாலும் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவைத்தாயிற்று. தொங்கவிட்டால் குழந்தைகளுக்கு எட்டிவிடும்.

பிப்ரவரி 6

மோட்டாரை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று மறுபடியும் கேள்வி. கூடாது.

பிப்ரவரி 6, பின்னிரவு

ஏன் கூடாது என்று சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. மோட்டார் கதவைத் தூக்குவதே இல்லை. தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் வழிகாட்டி மட்டும். சமநிலையில் இருக்கிற கதவை ஒரு கையால் நகர்த்தலாம், அந்த அளவு வேலைதான் அதற்கு. பாதி ஸ்பிரிங் போன கதவில் அதை ஓட்டினால் ஒரு சாண் தூக்கித் திணறி நிற்கும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வழித்துக்கொண்டு போகும். ஒரு செலவு இரண்டு செலவாகும்.

பிப்ரவரி 7

இன்று அளவு. தவறான ஸ்பிரிங் வந்து சேர்வதைவிடக் காத்திருப்பு மேல்.

கம்பித் தடிமனை ஒற்றைச் சுருளில் அளப்பது ஏமாற்றும். ஒட்டியிருக்கும் 20 சுருள்களைச் சேர்த்து அளந்து 20ஆல் வகுக்க வேண்டும். உடைந்த துண்டில்தான் அளக்க வேண்டும், முறுக்கில் இருப்பதில் அல்ல. 114 மி.மீ. வந்தது, ஆக 5.7. அடுத்த தடிமன் 5.94. அதில் 20 சுருள் 119 மி.மீ. வரும். ஒற்றைச் சுருளில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம், இருபதில் கண்ணுக்கே தெரிகிறது. அந்தக் கால் மில்லிமீட்டர் அற்பமும் இல்லை: விறைப்பு, தடிமனின் நான்காம் அடுக்காக ஏறும். 4 சதவீதம் தடித்த கம்பி 17 சதவீதம் விறைப்பு.

உள்விட்டம் 2 அங்குலம். அது பெரும்பாலும் கோனிலேயே அச்சாகியிருக்கும். நீளம், இரண்டு துண்டும் சேர்த்து, சந்தைக் கழித்து, 65 செ.மீ.

பிறகு சுற்றுத் திசை. ஸ்பிரிங்கை நிமிர்த்தி வைத்த மாதிரி எண்ணிப் பார்த்தால், முன்பக்கக் கோடுகள் வலப்பக்கம் ஏறினால் வலச்சுற்று, சாதாரணத் திருகாணி போல. இடப்பக்கம் ஏறினால் இடச்சுற்று. உள்ளே நின்று வெளியே பார்க்கும்போது வழக்கமாக இடப்பக்கத்தில் இருப்பது வலச்சுற்று, வலப்பக்கத்தில் இருப்பது இடச்சுற்று. இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள். மாற்றி வாங்கினால் முறுக்கவே முடியாது.

இரண்டையும் சேர்த்தே மாற்றுவது. ஒரே நாளில் போட்டவை, ஒரே எண்ணிக்கை ஓடியவை. வழக்கமான ஸ்பிரிங்குக்கு ஆயுள் 10,000 ஏற்ற இறக்கம். நாளுக்கு நான்கு என்றால் ஏழு வருஷம் தாண்டாது. ஆக வலப்பக்கத்ததும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது.

43க்குக் கணக்கு கிடைத்துவிட்டது! முறுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பிரிங் ஒரு கம்பித் தடிமன் நீளும். ஏழரைச் சுற்று, 5.7 மி.மீ.; பெருக்கினால் 42.75. உடைந்ததும் அந்தக் கூடுதல் நீளம் சுருங்கி, அப்படியே சந்தாக நிற்கிறது. ஏழரை எப்படி? டிரம், அதாவது தண்டின் முனையில் கதவைத் தூக்கும் கேபிள் சுற்றிக்கொள்ளும் உருளை, விட்டம் 4 அங்குலம், சுற்றளவு 12.57. ஏழு அடிக் கதவுக்கு 84 அங்குலம் கேபிள், வகுத்தால் 6.7 சுற்று. மிச்சம் முக்கால் சுற்று, கதவு உச்சிக்குப் போன பிறகும் கேபிள் தொய்யாமல் இருக்க. அளவில் பிசகில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிப்ரவரி 8

வண்டி வெளியே வந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்பதால்தான்.

ஒரு ஸ்பிரிங் பாதிப் பாரத்தை ஏற்கும். மீதி 50 கிலோ மூன்று பேர் கையில். முதலில் இரண்டு கேபிளும் டிரம் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தது. ஒன்று நழுவியிருந்தாலும் கதவு கோணிக்கொண்டு டிராக்கை விட்டு வரும். அப்படியென்றால் தூக்கவே கூடாது. அப்புறம் தாழ்ப்பாள், அப்புறம் சிவப்புக் கயிறு. பலகைகள் மடங்கும் இணைப்பில் யார் விரலும் இல்லை. எல்லோரும் அடி விளிம்பைப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக. விருட்டென்று தூக்கினால் கேபிள் தொய்ந்து டிரம்மிலிருந்து கழன்றுவிடும். மேலே போனதும் இரண்டு பக்கமும் கிளாம்ப். கிளாம்ப் இறுகிய பிறகும் இருவர் கையை எடுக்கவில்லை. வண்டி வெளியே, கதவு கீழே, தாழ்ப்பாள்.

இதை ஒரு தடவை செய்யலாம். தினமும் செய்கிற வேலை அல்ல.

பிப்ரவரி 9

சுருள்களுக்கு இடையே துரு. எண்ணெயே கண்டதில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 10

'ரெண்டு ஸ்குரூ டிரைவர் போதும்ண்ணே, நானே முறுக்கிடுவேன்' என்கிறான் தம்பி. தூக்கம் போயிற்று.

அவனை ஏமாற்றுவது பளுவின் சின்னத்தனம். கணக்குப் போட்டால், கோன் துளையில் செருகித் திருப்பும் 45 செ.மீ. முறுக்குக் கம்பியின் நுனியில் கைக்குத் தெரிவது ஆறு கிலோ கூட இல்லை. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் ஏழரைச் சுற்றில் அந்த ஒரு ஸ்பிரிங்குக்குள் சேர்ந்திருப்பது 50 கிலோவை 1.2 மீட்டர் தூக்கும் ஆற்றல். கை நழுவினால் அத்தனையும் அந்தக் கம்பி வழியாகத்தான் வெளியேறும், சுழன்றுகொண்டே. ஸ்குரூ டிரைவர் கோன் துளையில் ஆடும், சரிந்து விழும். துளைக்கு அச்சாகப் பொருந்துவது உருண்டையான எஃகுக் கம்பி; பெரும்பாலான கோனுக்கு அரை அங்குலம். இரண்டு வேண்டும். துளை கெட்டிருந்தால் அந்தக் கோனே வேண்டாம்.

கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் அதே கதை. அதன் போல்ட்டை முறுக்கு இருக்கும்போது கழற்றக் கூடாது. தம்பியிடம் இதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

சரக்கு வரவில்லை.

பிப்ரவரி 12

வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே இழு ஸ்பிரிங், இரண்டு பக்க டிராக்குக்கும் மேலே கிடையாக. உள்ளே பாதுகாப்புக் கேபிள் கோக்கவில்லை. உடைந்தால் துண்டு ஈட்டி மாதிரி பறக்கும். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு கேபிளை விட்டு இரண்டு முனையையும் கட்டிவிட்டால் தீர்ந்தது. அந்த வகையில் தளர்வு கதவு மேலே இருக்கும்போது. அதில் நம்முடையதும் அப்படியே. சொல்லிவிட்டு வந்தேன். கேட்ட மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 13

வந்துவிட்டது. 20 சுருள்: 114. ஒன்று வலச்சுற்று, ஒன்று இடச்சுற்று. மூன்று தடவை பார்த்தாயிற்று.

பிப்ரவரி 14

அளப்பது யாரும் செய்யலாம். முறுக்குவது கைப்பழக்கம் உள்ளவர் வேலை, அதில் வெட்கம் இல்லை. மெக்கானிக் வந்தார். வந்ததும் சந்தைப் பார்க்கவில்லை. நேரே வலப்பக்கத்துக்குப் போனார். அப்போதே நிம்மதி.

டிராக்கில் ரோலருக்கு மேலே கவ்விக் குறடு, முறுக்கேறும்போது கதவு எம்பாமல் இருக்க. ஏணி பக்கவாட்டில், முகமும் மார்பும் கம்பி சுழலும் வட்டத்துக்கு வெளியே. முதல் கம்பியைத் துளையில் அடிவரை செருகி, பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் செட் ஸ்க்ரூ. இந்த வரிசை மாறினால்தான் எலும்பு முறிகிறது. கால் சுற்று கீழே இறக்கி, இரண்டாவது கம்பி அடுத்த துளையில் முழுக்கப் போன பிறகே முதல் கம்பியை உருவினார். முப்பது தடவை. அவசரமே இல்லை.

புது ஸ்பிரிங்குகளில் நீளவாட்டில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. முறுக்க முறுக்கக் கோடு சுற்றிக்கொள்ளும், எண்ணிக்கை தப்பாது. முறுக்கும் முன் இரண்டு கேபிளும் ஒரே இறுக்கமா என்று தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் 30 கால் சுற்று, மேல்நோக்கி. செட் ஸ்க்ரூ தண்டைத் தொட்டதிலிருந்து முக்கால் திருப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் குழாய்த் தண்டு நசுங்கும்.

பிப்ரவரி 15

மோட்டார் இன்னும் சேர்க்கவில்லை. கதவை இடுப்பளவு தூக்கிக் கையை எடுத்தால் மெதுவாக இறங்குகிறது. நிற்க வேண்டும். பாரம் கொஞ்சம் ஜெயிக்கிறது; இரண்டு பக்கமும் சமமாக ஒரு கால் சுற்று கூட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கூட்டக் கூடாது. மெக்கானிக் நாளை வருகிறார். தம்பி கேட்கிறான், ஒரு கால் சுற்றுதானே என்று. முறுக்குக் கம்பிகளை அவர் இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கம்பிகள் இப்போது என் கட்டிலுக்கடியில்.

பிப்ரவரி 16

நின்றது. முழங்கால், இடுப்பு, தலை உயரம், மூன்று இடத்திலும் கை எடுத்தால் அசையவில்லை. சுருள்கள் மேல் எண்ணெய் தெளித்து, வழிந்ததைத் துடைத்தாயிற்று. இனி மோட்டார்.