தோற்கச் சொல்லப்பட்ட சாம்பியன்

அரசியல் புறக்கணிப்பு என்றால் களமிறங்க மறுப்பது மட்டுமே என்று நினைத்திருந்தேன். 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த உலக ஜூடோ போட்டியின் 81 கிலோ பிரிவு அந்த எண்ணத்தை மாற்றியது. நடப்புச் சாம்பியனான ஈரானின் சயீத் மொல்லாய், இஸ்ரேலின் சாகி முகியை இறுதியில் சந்திக்க நேராதபடி முன்கூட்டியே விலகவோ தோற்கவோ வேண்டும் எனத் தம் நாட்டு அதிகாரிகள் நெருக்கியதாகப் பின்னர் வெளிப்படுத்தினார். அரையிறுதியில் அவரை வென்ற பெல்ஜியத்தின் மத்தியாஸ் காஸே இறுதிக்குச் சென்றார். அந்த வெற்றியை எப்படி எடைபோடுவது? (காஸே மீது எந்தத் தவறும் இல்லை.) தங்கம் முகிக்குக் கிடைத்தது. சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு ஈரானை இடைநீக்கம் செய்தது. மொல்லாயோ ஜெர்மனிக்குச் சென்று, பின்னர் மங்கோலியக் குடியுரிமை பெற்று, 2021இல், அந்த 2019 போட்டி நடந்த அதே டோக்கியோ புடோகான் அரங்கில் ஒலிம்பிக் வெள்ளி வென்றார்.