ஹர்டில்ஸ் நாட்குறிப்பு, 2024

9 ஆகஸ்ட், வெள்ளி

பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ் (தடை தாண்டும் ஓட்டம்) இறுதிப்போட்டி நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.55க்கு. அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், தங்கச்சி தூங்கிவிட்டாள். அம்மாவின் போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்லின் 50.37 விநாடி. தன்னுடைய உலக சாதனையைத் தானே மறுபடி உடைத்திருக்கிறார். பத்தாவது தடையைத் தாண்டி இறங்கிய பிறகும் தோள் மேலே ஏறவில்லை, கை தளரவில்லை. அந்தக் கடைசி 40 மீட்டரை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பி.டி. உஷா லாஸ் ஏஞ்சல்ஸில் இறுதிப்போட்டி ஓடியது 1984 ஆகஸ்ட் 8. பாரிஸ் தேதிப்படி இவர்கள் ஓடியதும் ஆகஸ்ட் 8. சரியாக 40 வருஷம். உஷா 55.42, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. அந்த 55.42ஐ 39 வருஷம் இந்தியாவில் யாராலும் தொட முடியவில்லை. போன அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் முதல் சுற்றான ஹீட்ஸில்தான் கோவை வித்யா ராம்ராஜ் அதே 55.42 ஓடினார். மறுநாள் வெண்கலமும் வாங்கினார். வித்யாவின் அப்பா ஓட்டுநர் வேலை பார்த்தவர். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வித்யாமேல் தனிப் பாசம்.

இன்று மதியம் ரிலே ஹீட்ஸ். இந்திய அணியில் வித்யாவும் எங்கள் திருச்சி சுபா வெங்கடேசனும் ஓடினார்கள். இறுதிக்குப் போகவில்லை. ஆனாலும் நம் ஊர்ப் பெண் ஒலிம்பிக் டிராக்கில் பேட்டனோடு ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாரிஸுக்கான தகுதி நேரம் 54.85. என்னுடையது இப்போதைக்கு 63.1. 2028 ஒலிம்பிக் மறுபடியும் லாஸ் ஏஞ்சல்ஸில். முதல் வேலை 60க்குள் வருவது.

17 ஆகஸ்ட், சனி

இடது காலை முன்னே நீட்டித் தாண்டும் பழக்கம் ஆரம்பித்தாயிற்று.

எனக்கு இயல்பாகவே வலது கால்தான் முன்னே போகும். நேர்கோட்டில் அதனால் ஒன்றுமில்லை, வளைவில்தான் நஷ்டம். டிராக் இடப்பக்கமாக வளைகிறது. வலது காலை முன்னே நீட்டித் தாண்டினால், பின்னால் வரும் இடது கால் தடைக்கு உள்பக்கமாக, பக்கத்து லேன் மேலே போய்விடக்கூடும். தடையின் மேல்மட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் கால் போனால் தகுதி நீக்கம். அந்தப் பயத்தில் உள்கோட்டை விட்டுத் தள்ளி ஓடுகிறேன், ஓடும் தூரம் கூடிப்போகிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. முதல் தடை வரை 45 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசியில் 40. நடுவில் நான் வைப்பது 17 ஸ்டெப். ஆறாவது தடை தாண்டியதும் கால் கனத்துவிடும், 17 ஸ்டெப்பில் எட்டாது. ஸ்டெப் ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒவ்வொரு தடைக்கும் அதே கால் முன்னே வரும். அதனால் ஒரே காலில் தாண்டத் தெரிந்தவள் அப்போது 19க்குத்தான் போக வேண்டும். ஸ்டெப்பைப் பொடிப்பொடியாக நறுக்கி வைக்கவேண்டும், வேகம் அங்கேயே செத்துவிடும். இரண்டு காலிலும் தாண்டத் தெரிந்தால் 18 போதும். "அந்த ஒரு ஸ்டெப்புலதாம்மா உன்னோட ரெண்டு செகண்ட் இருக்கு" என்கிறார் கோச் சார்.

தடையைத் தாழ்த்தி வைத்து நடந்தே தாண்டுகிறேன். சின்னப் பிள்ளை மாதிரி எல்லாம் புதிதாக இருக்கிறது. பின்னால் வரும் வலது முட்டியின் உட்பக்கம் கட்டையில் இடித்து இடித்துக் கன்றிப் போயிருக்கிறது. அம்மா நல்லெண்ணெய் தடவிவிட்டாள்.

1 செப்டம்பர், ஞாயிறு

மாதக் கணக்கு எழுதும் நாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழுகிறது. தினம் நாலு முட்டை என்று வைத்தால் எழுநூற்றுச் சொச்சம் அதற்கே. மீதியில் ஸ்பைக்ஸுக்கு (ஓடும்போது போடும் ஆணி ஷூ) ஆணி, கிரேப் பேண்டேஜ். அம்மாவின் உரிமைத்தொகை 1,000 நேராக வாடகையில் சேர்ந்துவிடும். அப்பா காந்தி மார்க்கெட்டில் லோடுமேன். காய்கறி லாரி வந்தால் கூலி, வராத ராத்திரி சும்மா. அம்மா இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்கிறாள்.

தாராநல்லூரிலிருந்து ஸ்டேடியத்துக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 2021இல் இந்தத் திட்டம் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். இது மட்டும் இல்லையென்றால் காலையும் மாலையும் பயிற்சிக்குப் போய்வருவதை நினைத்தே பார்க்க முடியாது. பஸ் இலவசம் என்பதை அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

12 செப்டம்பர், வியாழன்

கொஞ்ச நாளாக 300 மீட்டர் தாண்டினாலே மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. சார் ஜி.எச்.சுக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவதே அதுதான், அது குறைந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் கடைசி 100 மீட்டரில் நிற்கத்தான் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். மாத்திரையோடு டீ, காபி கூடாது, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ நல்லது என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். பயிற்சி முடிந்ததும் டீக்கடை டீ இனிமேல் இல்லை. முருங்கைக்கீரை எதிர்வீட்டு மரத்தில் இருக்கிறது.

ஜிம்முக்குப் போகும் பையன் ஒருவன் ஏதோ பவுடர் தருகிறேன் என்றான். சாருக்குத் தெரிந்ததும் கடுமையாகச் சொல்லிவிட்டார். ஊக்கமருந்துச் சோதனையில் யார் கொடுத்தார்கள் என்பது கணக்கே இல்லை, உன் உடம்பில் இருந்தால் பொறுப்பு உன்னுடையது. சரி, எனக்கு ஊறவைத்த வேர்க்கடலை போதும்.

22 செப்டம்பர், ஞாயிறு

அத்தை வந்திருந்தார். என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு ஆள் எடுக்கிறார்களாம், நின்று வேலை பார்த்தால் மாதம் 12,000 கிடைக்குமாம். "பொட்டப்புள்ள ஓடி என்னத்தடி சம்பாதிக்கப் போற" என்றார். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டுக் கடன் அவருக்கும் தெரியும். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேலைக்கு அடுத்த வருஷம்கூடப் போகலாம் பாப்பா. ஓட்டத்த விட்டுட்டு அடுத்த வருஷம் வந்தா புடிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். பணம் இல்லாமல் இல்லை. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு 1 லட்சம், அடுத்த இடங்களுக்கு 75,000, 50,000. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வந்தால் வருஷத்துக்கு 6.28 லட்சம் அளவுக்கு உதவி, அதில் கைச்செலவுக்கே மாதம் 10,000. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். எல்லாம் உண்மை, எல்லாம் நல்லது. ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் முதலில் சான்றிதழ் கேட்கிறார்கள். 63 விநாடியிலிருந்து 58க்கு வரும்வரை ஆகும் முட்டை, ஸ்பைக்ஸ், ரயில் டிக்கெட், மாத்திரை எல்லாவற்றுக்கும் அடுப்படியிலிருந்துதான் காசு எடுக்கவேண்டியிருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் விட்டுவிட்டுப் போவது அந்த ஐந்து விநாடிக்குள்தான்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பற்றி எழுதும்போதெல்லாம் வெறுங்காலில் ஓடியதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அப்பா அம்மா இல்லாமல், கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்து, டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனவர். அவரை நினைத்தால் எனக்குத் தெம்பு வரும். ஆனால் வெறுங்காலில் ஓடியது அழகான கதை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வயதில் ஒரு ஜோடி ஷூ கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

5 அக்டோபர், சனி

கிரைண்டர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. தெருவுக்கே புகை நாற்றம். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, ரீவைண்டிங் கூலியோடு 1,900 ஆகும் என்றார்.

புது ஸ்பைக்ஸ் வாங்க நான் சேர்த்து வைத்திருந்தது 2,000. பழைய ஜோடியில் முன்பக்க ஆணித் தகடு அட்டையை விட்டுக் கழன்று வருகிறது, பசை போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா கேட்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். மாவு இல்லாவிட்டால் வீட்டில் தினம் வரும் காசே கிடையாது, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் படுத்த பிறகு அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. மூன்று ராத்திரியாகப் பூசணி லோடு, அப்பா விடிந்துதான் வந்தார். அவர் தலைச்சும்மாட்டுத் துணியும் கொக்கியும், ரிப்பேராகி வந்த கிரைண்டரும், தங்கச்சியின் ஜாமெட்ரி பாக்ஸும், என் பழைய ஸ்பைக்ஸும். ஆணிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து மாட்டி வைத்தேன். எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் வைத்தாள். பொரி, கடலை, நல்ல சாப்பாடு.

19 அக்டோபர், சனி

முன்பு எங்களோடு ஓடி, இப்போது போலீஸில் சேர்ந்திருக்கும் சீனியர் அக்கா தன் ஸ்பைக்ஸைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அரை சைஸ் பெரிது. முன்பக்கம் பஞ்சு வைத்துக் கயிற்றை இறுக்கினால் நிற்கிறது. மழையில் டிராக் ஈரமாக இருந்தும் பிடிமானம் அருமை. பழையதில் ஓடும்போது எவ்வளவு பயந்து பயந்து இறங்கினேன் என்பது இதைப் போட்ட பிறகுதான் தெரிகிறது.

மாத்திரைக்குப் பலன் இருக்கிறது. ஹீமோகுளோபின் 11.2.

26 அக்டோபர், சனி

பல்கலைக்கழக அளவில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ராத்திரி பெய்த மழை காலையில் விட்டிருந்தது. எனக்கு ஐந்தாவது லேன்.

முதல் தடை 23 ஸ்டெப்பில் சரியாக வந்தது. ஆறாவது வரை 17. ஆறாவதில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, இனி எட்டாது. 18 என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஏழாவது தடை வளைவில். இடது கால் தானாகவே முன்னே போனது. உள்கோட்டை ஒட்டி இறங்கினேன், முட்டி இடிக்கவில்லை, கை நிலைகுலையவில்லை. அந்த ஒரு தடையில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேருடைய இடைவெளியும் கண்ணெதிரே குறைந்தது. எட்டாவது மறுபடி வலது கால், ஒன்பதாவது இடது கால். பத்தாவதில் கொஞ்சம் உயரமாகத் தாண்டிவிட்டேன், காற்றில் நேரம் போனது. கடைசி 40 மீட்டரில் மூன்றாவதாக இருந்த நான் ஒருத்தியைப் பிடித்து இரண்டாவதாக வந்தேன்.

61.2. என் வாழ்க்கையில் இதுதான் வேகமான ஓட்டம். 60 இன்னும் இருக்கிறது. சார் ஸ்டாப்வாட்சைக் காட்டிவிட்டு, "ஏழாவது ஹர்டில் பாத்தியா?" என்று கேட்டார். முதுகில் தட்டவில்லை, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

போனில் சொன்னதும் அம்மா, "சாப்பிட்டியா?" என்றாள். அப்பா பேச்சே வராமல் போனை வைத்துவிட்டார்.

2 நவம்பர், சனி

தீபாவளி போனஸில் வாடகை பாக்கி தீர்ந்தது. தங்கச்சிக்குச் சுடிதார். வேறு விசேஷமில்லை.

பெரிய சேதி வேறு. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கான எங்கள் பல்கலைக்கழக அணியில் என் பெயர் இருக்கிறது. பயணச் செலவு, சாப்பாடு, டிராக் சூட் எல்லாம் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காசு இல்லாமல் நான் வெளிமாநிலம் போய் ஓடப்போவது இதுதான் முதல் தடவை.

தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறார் சார். 2023இல் ஆரம்பித்தது. உபகரணம், பயணச் செலவுக்கெல்லாம் கேட்கலாம். இந்தமுறை காட்ட என்னிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று வருமானச் சான்றிதழ் வாங்கி வைக்கத் திங்கட்கிழமை அப்பாவோடு இ-சேவை மையம் போகவேண்டும். அவர் ராத்திரி வேலை முடித்து வருவதற்குள் காலைப் பயிற்சியை முடித்துவிடுவேன். ஆறாவது தடையிலிருந்து பத்தாவது வரை, 18 ஸ்டெப், வளைவில் இடது கால். பத்தாவதில் தாழ்வாகத் தாண்டுவதற்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறதாம்.