வரேன்னு சொன்னேன்

விடுமுறை நாள். காலை ஏழு மணிக்குக் கைபேசி அலறியது. "ஏன் இன்னும் வேலைக்கு வரலை?" என்று மேற்பார்வையாளர். நான் விழித்தேன். முந்தைய நாள் ஷிப்ட் முடிந்ததும் குறிப்பேட்டில் நானே எழுதிவைத்த வரியை வாசித்துக் காட்டினார்: 'மெக்கானிக் செட் ஐ வில் கம் டுமாரோ.'

மெக்கானிக் நாளைக்கு வரேன்னு சொன்னார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அவர்கள் கண்ணுக்கு அந்த 'ஐ' நானாம்! வாதாட அப்போது ஆங்கிலம் போதவில்லை; சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அங்கே மெக்கானிக்கும் வந்திருந்தார். ஆக, எப்படிப் படித்தாலும் அந்த வாக்கியம் சரியாகிப் போனது.

அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். 'செட்' என்று ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருக்கும் வினை ஒரு படி பின்னால் போக வேண்டுமாம். 'இஸ்' 'வாஸ்' ஆகும், 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும். 'வென்ட்' ஏற்கெனவே முடிந்துபோன சமாசாரம்தானே, அதையாவது விட்டார்களா? 'ஹேட் கான்' ஆக்கி இன்னும் உள்ளே தள்ளுகிறார்கள். 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆவது மட்டும் எனக்குப் புதிதில்லை. அயற்கூற்றில் நாளை மறுநாளாவதும் இங்கே அங்கே ஆவதும் பள்ளியில் எழுதியதுதான். ஆனால் பேச்சில் நமக்கு அந்த வம்பே கிடையாது. சொன்னதை அப்படியே சொல்லி, பின்னால் ஒரு 'ன்னு' போட்டால் முடிந்தது வேலை.

பிடித்த விதியும் ஒன்று உண்டு. இன்றைக்கும் உண்மையாக இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாத்தியார் எந்தக் காலத்தில் சொல்லியிருந்தாலும் அது 'கோஸ்'தான், 'வென்ட்' ஆகாது.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. என் குறிப்பேட்டை யாரும் தப்பாகப் படிப்பதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு நானே திருத்திக் கொடுக்கிறேன் என்றால் பாருங்களேன்.

போன வாரம் வீட்டுப்பாடம்: நீங்கள் ஒருவருக்குச் சொன்ன ஒன்றை அயற்கூற்றில் எழுதுக. இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னதை எழுதினேன். 'வில்' என்றே எழுதினேன். வேண்டுமென்றுதான். ஆசிரியர் நல்ல மனிதர். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லையா என்று கேட்டார். இது ஏழாவது வருஷம் என்றேன். ஒன்றும் பேசாமல் சிவப்பு மையால் அடித்து, மேலே 'வுட்' என்று எழுதினார்.

அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் கிளம்பிய அன்றைக்குப் போறேன் என்றா சொன்னேன்? போயிட்டு வரேன் என்றுதானே. வாசலில் நின்று அதை ஆங்கிலத்தில் யாரிடம் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அம்மா இப்போதும், "ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்னு சொன்னியேப்பா" என்கிறாள். அவள் வாயில் அது இன்னும் 'வந்துடுவேன்'தான்.

நேற்றும் பேசினாள். "அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு. என்னன்னு சொல்றது?"

"வரேன்னு சொன்னான்னு சொல்லும்மா."