பிலாலஜி தாளுக்கு நான் படித்த விதம்

"பிலாலஜியின் பொருளையும் எல்லையையும் விளக்குக" என்ற கேள்விக்கு முதல் இன்டர்னல் தேர்வில் நான் "மொழியை அறிவியல் முறையில் ஆராயும் துறை" என்று தொடங்கி, ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி), உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய கூறு) என்று மூன்று பக்கம் எழுதினேன். விடைத்தாளின் ஓரத்தில் "இது மொழியியல்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள், பாதி மதிப்பெண்கூட வரவில்லை. இந்தத் தாளை எடுத்திருக்கும் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பதால், அதற்குப் பிறகு நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

கிரேக்கத்தில் ஃபிலோஸ் என்பது அன்பையும், லோகோஸ் என்பது சொல்லையும் குறிக்கும். இந்த வேர்ப்பொருளை எல்லோரும் எழுதுவார்கள், இரண்டு வரி போதும். உண்மையான விஷயம் அடுத்ததுதான்: மொழியியலாளருக்கு இன்று பேசுகிற பேச்சே போதும், பிலாலஜி படிப்பவருக்குக் கையில் ஒரு பழைய எழுத்து வேண்டும். அது என்ன சொல்கிறது, எப்போது எழுதப்பட்டது, நமக்கு வந்து சேர்வதற்குள் எங்கே மாறியது என்று தேடுவதுதான் அவர் வேலை. இது பிடிபட்ட பிறகுதான் எனக்குப் பாடமே பிடித்தது.

சுவடியிலிருந்து ஓர் உதாரணம். பழைய ஓலைகளில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'மரன' என்று மூன்று எழுத்து கண்ணில் பட்டால் அது 'மரன்' (மரம்) என்பதா, 'மான்' என்பதா? எகர ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லாததால் 'எரி' என்று இருப்பது தீயாகவும் இருக்கலாம், நீர் நிற்கும் ஏரியாகவும் இருக்கலாம். யாப்பையும் பாட்டின் சூழலையும் வைத்து, வேறு பிரதிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது செய்த வேலை இதுதான், அதன் பெயர் மூலபாட ஆய்வு. இதற்கு ஐரோப்பாவில் கார்ல் லாக்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரால் வழங்கும் முறை ஒன்று உண்டு. இரண்டு பிரதிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்படிப் பிழைகளை வைத்தே பிரதிகளுக்கு வம்சாவளி போட்டுவிடலாம் என்பது அதன் அடிப்படை. பிழையைச் சாட்சியாக நிறுத்துகிற இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சொற்பொருள் மாற்றத்துக்கு எல்லோரும் 'நாற்றம்' என்று எழுதுவார்கள். நான் 'கிழவன்' எழுதினேன். தொல்காப்பியத்தில் அது உரியவன், தலைவன். இன்றைய பொருளில் படித்தால் காதலனே முதியவனாகிவிடுவான், அகப்பாட்டே தலைகீழாகப் போய்விடும்.

மொழிகளை ஒப்பிடும் ஒப்பியல் பகுதியில் பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் பேசியது 1786, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த ஆங்கில அதிகாரி எல்லிஸ் காட்டியது 1816, கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856. ஆனால் ஆண்டு மட்டும் எழுதினால் பயனில்லை, ஒலி மாற்றம் ஒழுங்காக நடக்கும் என்பதையும் காட்ட வேண்டும்: நம் பால், பல், பாம்பு கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹாவு. பழைய கன்னடத்தில் அங்கேயும் பகரம்தான் இருந்தது. இந்தப் பகுதியைத்தான் அந்தக் காலத்துப் பாடநூல்கள் 'ஒப்பீட்டு பிலாலஜி' என்றன, இப்போது வரலாற்று மொழியியல் என்கிறோம். குழப்பத்துக்குக் காரணமே இந்தப் பெயர் மாற்றம்தான், அதையும் விடையில் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம் எல்லை. கல்வெட்டு, எழுத்து வரலாறு, யாப்பு, உரை மரபு, சமூக வரலாறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம், நான் அப்படிச் செய்யாமல் ஒரே நிகழ்ச்சியைச் சொன்னேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்குக் கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. 1440இல் லொரென்ஸோ வாலா என்ற இத்தாலிய அறிஞர் அதன் இலத்தீனைச் சொல் சொல்லாகப் பிரித்து, இந்தச் சொல்லாட்சி நான்காம் நூற்றாண்டுக்கு உரியது அல்ல, இது போலி என்று காட்டினார். ஒரு சொல்லின் வயதைப் பார்த்து அரசியல் உரிமையையே கேள்வி கேட்க முடிகிறது என்றால் துறையின் எல்லை எவ்வளவு தூரம் போகிறது என்பதை அந்த ஒரு பத்தியே சொல்லிவிடும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக எதையும் படிக்க வேண்டாம். பாடபேதங்களோடு, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களோடு, அச்சான ஒரு சங்க இலக்கியப் பதிப்பை எடுத்து, அடிக்குறிப்பில் இருக்கும் வேறுபாடுகளைப் பாருங்கள், பதிப்பாசிரியர் எதை மேலே வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன் எதை வைப்பீர்கள், ஏன் என்று நீங்களே இரண்டு வரி எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, அரைமணி நேரம் போதும்.