மங்கிய பெயர்களை மீண்டும் வெட்டலாமா?

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சிலுவையில் மங்கிய எழுத்துகளை மீண்டும் வெட்ட வேண்டாம், கழுவினால் போதும் என்று அந்த இங்கிலாந்துக் கிராமத்து ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தோம். "வாசிக்க முடியாத பெயர் கல்லில் இருந்து என்ன பயன்?" என்று கேட்டார் உறுப்பினர் ஒருவர்.

தொழில்முறையில் இதற்குப் பதில் உண்டு. சிலுவையைச் செதுக்கிய போர்ட்லண்ட் கல் ஒரு சுண்ணாம்புக் கல். மழைநீரின் இலேசான அமிலமே அதைக் கரைக்கும். முதலில் எழுத்தின் விளிம்பு மழுங்கும், பிறகு அதன் பள்ளம் ஆழம் குறையும். மறுபடி வெட்டினால் உளி நல்ல கல்லைத் தொடும்வரை இறங்க வேண்டும். எழுத்து அகன்று பக்கத்து எழுத்தை நெருக்கும், முதலில் செதுக்கியவரின் கைவண்ணம் போய்விடும். பெயின்ட் இன்னும் மோசம், கல்லுக்குள் ஊறிவிடும்.

சிலுவைக்கு உண்மையான ஆபத்து மூட்டுகளில்தான். படிகளின் மூட்டுகளை யாரோ சிமென்டால் அடைத்திருந்தார்கள். சிமென்ட் கல்லைவிடக் கடினமானது. உள்ளே இறங்கிய நீர் மூட்டு வழியே வெளியேற முடியாமல் கல்லுக்குள் தேங்கும், உறைபனியில் கல்லின் ஓரம் பொரிந்து உதிரும். தண்டைப் பீடத்தோடு பிணைக்கும் இரும்பு முளை துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லையே பிளக்கும். பீடத்தில் செங்குத்தான விரிசலும் பழுப்புக் கசிவும் சேர்ந்து தெரிந்தால் முளையைச் சந்தேகிக்க வேண்டும். மாற்றுவதென்றால் துருப்பிடிக்காத எஃகுதான்.

சிமென்டை ஆங்கிள் கிரைண்டரால் அறுக்கக் கூடாது. கையுளியால் 25 மி.மீ. ஆழமாவது எடுத்து, நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய கூர்மணல் 2½ பங்கு கலந்து அடைத்து, ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாந்து சரியாக இறுகாது. நவம்பர் 11 நினைவு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமே இத்தகைய வேலைகளைக் கெடுக்கிறது. அதனால் ஏப்ரலுக்குத் தள்ளினோம். அதற்கு முன் வெறும் தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ், அவ்வளவே. பிளீச்சும் அழுத்தநீரும் கல்லின் தோலை உரித்துவிடும்.

இவ்வளவும் சரி. ஆனால் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர பிரிட்டன் அனுமதிக்கவில்லை. பிரான்சுக்குப் போக வசதியில்லாத தாய்க்கு இந்தச் சிலுவைதான் மகனின் கல்லறை. பெயரைப் படிக்கத்தானே வெட்டினார்கள்? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் நடுகற்களில் மங்கிய எழுத்தை மறுபடி வெட்டுகிறது, தேவைப்பட்டால் கல்லையே மாற்றுகிறது. அங்கே முறையாக இருப்பது இங்கே எப்படித் தவறாகும்? அவை ஒரே மாதிரியில் இலட்சக்கணக்கில் நிற்பவை, இது இந்த ஊருக்கென்றே செதுக்கிய ஒன்று என்று வாதிடலாம். கல்லைக் காக்க அந்த வாதம் போதும். பெயரைத் தேடி வருகிறவருக்குப் போதுமா?

பக்கவாட்டில் விளக்குப் பிடித்து எல்லா முகங்களையும் படமெடுத்திருக்கிறோம். மழை அறையும் தென்மேற்கு முகத்தில் இரண்டு பெயர்கள் அதிலும் பிடிபடவில்லை. அந்த இரண்டையாவது வெட்டலாமே என்று தோன்றுகிறது. வெட்டினால் மங்கிய வரிசையின் நடுவே அவை மட்டும் துருத்தி நிற்கும். மூட்டு வேலை தொடங்குமுன் ஊராட்சிக்கு முடிவு சொல்ல வேண்டும்.